உறவினர் கூடி முடிவெடுத்த சட்டம்

பெற்றோரிடம் பாதுகாப்பில்லை எனக் கருதப்படும் குழந்தையை யாரிடம் வளரவிடுவது என்பதை முதலில் அதன் உற்றார் உறவினரே கூடிப் பேச வேண்டும் என்று நியூசிலாந்து 1989-இல் சட்டமியற்றியது. இதற்குக் 'குடும்பக் கூட்டம்' என்று பெயரானாலும், அதன் வேர் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பழைய வழக்கத்தில் இருந்தது. அவ்வழக்கில் குழந்தை ஃபானாவ் எனப்படும் பெருங்குடும்பத்துக்கும், அத்தகைய குடும்பங்கள் சேர்ந்த ஹபூ என்ற கிளைக்கும், இவி என்ற குலத்துக்கும் உரியது. பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி எடுத்து வளர்க்கும் ஃபாங்காய் முறையில் குழந்தை தன்னைப் பெற்றவரை அறிந்தே வளர்ந்தது; பிறப்பு உறவை மூடி மறைத்த 1955-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டமோ அவ்வழக்கத்துக்குச் சட்ட மதிப்பே தரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரிகள் நகரங்களுக்குப் பெயர்ந்து சொந்தபந்தங்களை விட்டு விலகியபோது, அவர்களுடைய பிள்ளைகள் அளவுக்கு மீறி அரசு இல்லங்களுக்குச் சென்றனர். இதை ஆராய்ந்த ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு, 1986-இல் அளித்த அறிக்கையில், சமூக நலத்துறையின் அமைப்பிலேயே இனப்பாகுபாடு ஊறியிருப்பதாக ஒளிவுமறைவின்றிக் கூறியது.

அதன்பின் வந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருங்கிணைப்பாளர் ஒருவர் குடும்பத்தாரைக் கலந்து கூட்டத்தைக் கூட்டுவார். அது மராயே எனப்படும் பொது மனையில் முதியவரின் வழிபாட்டோடு தொடங்குவதும் உண்டு. சமூகப் பணியாளரும் பிறரும் தாம் அறிந்ததைச் சொன்னபின் வெளியேறிவிட, குழந்தை யார் வீட்டில் உறங்கும், பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வார் என்பதை உறவினர் மட்டும் தமக்குள் பேசுவர். சட்டத்தின் உயிர் அந்தத் தனித்த நேரத்தில்தான் இருந்தது எனலாம். ஆயினும் கூட்டத்தை அழைக்கும் அதிகாரமும், எடுத்த முடிவை நிறைவேற்றுவதற்கான பணமும் அரசிடமே தங்கின; போதாக்குறைக்கு, 1991 ஏப்ரலில் நலத்தொகைகள் குறைக்கப்பட்டதால், குழந்தையை ஏற்க முன்வர வேண்டிய வீடுகளே கையைப் பிசைந்து நின்றன.

இச்சட்டம் இருந்தும், 2019 மே மாதம், குடும்பத்துக்கு முன்னறிவிப்பின்றிப் பெற்ற நீதிமன்ற ஆணையோடு, ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தையொன்றைத் தாயிடமிருந்து பிரிக்க அதிகாரிகள் முயன்றது பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. மாவோரிகளுடன் செய்துகொண்ட 1840-ஆம் ஆண்டு வைட்டாங்கி உடன்படிக்கையை அரசு மீறியதாக 2021-இல் முடிவு கூறிய வைட்டாங்கி தீர்ப்பாயம், இனி செய்ய வேண்டிய மாற்றத்தை வழிநடத்தும் பொறுப்பை மாவோரிகளின் அமைப்பொன்றிடமே விட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.