பேராக் மின்கம்பிகளும் தொழிலாளரின் கைகளும்

மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வந்து சேர்ந்த இடம் அரண்மனையன்று, ஈயச் சுரங்கம். 1894-ஆம் ஆண்டில் ரவாங்கில் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்தில் மின்சார இயந்திரத்தை நிறுவினர். பேராக்கிலும் மின்சாரத்தைப் பெருவாரியாக அழைத்து வந்தது ஈயமே. 1926-இல் பேராக் நதி நீர்மின்சாரக் கம்பெனி தோன்றியது. மாலிம் நாவாரில் நீராவி நிலையமும், 1930 வாக்கில் செண்டரோ அணையும் எழுந்தன. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்களுக்குக் கம்பிகள் ஓடின.

அணை கட்டிய பொறியாளர்களை நூல்கள் போற்றுகின்றன. மாலை இடிமழையில் கிளை முறிந்து கம்பி அறுந்தால் கம்பத்தில் ஏறியவன் யாரென்று அவை சொல்வதில்லை.

அவனுக்கு வரும் ஆபத்து உயிருள்ள கம்பியால் மட்டுமன்று. செத்த கம்பியும் கொல்லும். நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும், எங்கேனும் ஒரு சுரங்கத்தின் சொந்த இயந்திரம் தவறாக இணைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் பின்வழியாகக் கம்பியில் ஏறிவிடும். அதனால்தான் முதலில் சோதித்து, வேலை செய்யுமிடத்தின் இருபுறமும் கம்பியை மண்ணோடு இணைக்க வேண்டும் என்ற விதி உண்டாயிற்று. தோலில் சிறு புண் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். அதிர்ச்சியில் பிழைத்தவன் கம்பத்திலிருந்து விழுந்து இறப்பதும் உண்டு. காப்பாக இருப்பது ரப்பர் கையுறை. அதில் ஊசித்துளை விழுந்தாலும் பயனில்லை. நம்மவர் தோட்டங்களில் சீவிய பால் இத்தகைய கையுறைகளுக்கும் போயிற்று என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காயம் பட்டபின் என்ன? இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் உடலுறுப்புகளுக்கு விலைப்பட்டியலே வகுத்தது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் சம்பாதிக்கும் திறனில் 70 சதவீத இழப்பு, இடக்கை போனால் 60, கட்டைவிரல் 25. எழுதுவோனுக்கு இக்கணக்கு ஒருவாறு பொருந்தலாம். கம்பத்தில் ஏறுகிறவனுக்கு வலமேது, இடமேது? ஒரு கை போனால் அவன் தொழிலே போயிற்று. பட்டியலை வகுத்தவர்கள் கம்பம் ஏறியதில்லை போலும்!

மலாயாவில் 1952-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன்படி நஷ்டஈடு பெரும்பாலும் ஒரே தொகையாகக் கிடைத்தது. கடனும் கல்யாணமும் காத்திருக்கும் லயத்து வீட்டில் மொத்தத் தொகை எத்தனை நாள் நிற்கும்? 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. 1971 முதல் சொக்சோ இயங்கிற்று. கடுமையாக ஊனமுற்றவருக்கும், வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கும் காலந்தோறும் உதவித்தொகை வரலாயிற்று. என் கருத்தில், செண்டரோ அணைக்கு நிகரான சாதனை அது.

ஆயினும் 1993-இல் அந்நியத் தொழிலாளர்கள் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்டு, மீண்டும் பழைய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வைக்கப்பட்டார்கள். 2019 ஜனவரியில்தான் அவர்களும் சொக்சோவில் சேர்க்கப்பட்டனர்.