பினாங்கின் குதிரைவழியும் கப்பிச் சாலையும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் ஓடும் நீருக்கு மட்டும் உரியதன்று. நடக்கும் வழிக்கும் உரியது. பரிசில் பெற்று மீண்டவன் எதிர்ப்பட்டவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்வோன் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்களைக் கடக்கிறான். பட்டினத்தில் சுட்ட மீனும் ஆமூரில் வெண்சோற்றோடு நண்டும் கிடைக்கும் என்ற செய்தியும் அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஊர்ப்பெயர், நிலத்தின் தன்மை, உண்டி ஆகிய மூன்றும் வழிநடைக்கு வேண்டும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர்.

இதே மூன்றையும் இங்கிலாந்தில் சைக்கிள் ஓட்டிகள் தேடத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1878-இல் அங்கு நிறுவப்பட்ட சைக்கிள் பயணிகள் சங்கம், நாட்டுப்புறச் சாலைகளின் ஏற்ற இறக்கங்களை உறுப்பினர்க்கு அறிவித்தது. தகுதியுள்ள விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைப் பதிக்கச் செய்தது. 1886-இல் சாலைச் சீர்திருத்தத்துக்கென ஒரு கழகமும் சைக்கிள்காரர்களின் முயற்சியால் தோன்றியது. மோட்டார் வண்டி பரவுமுன்னரே நல்ல சாலை வேண்டும் எனக் குரல் எழுப்பியவர்கள் இவர்களே. குதிரை செல்லும் உரிமை பெற்ற பழைய வழிகளில் சைக்கிளும் செல்லலாம் என 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இசைவளித்தது. அவ்வழிகள் பலவற்றை இணைத்து, வின்செஸ்டர் நகரில் தொடங்கி அங்கேயே முடியும்படி, ஆல்பிரட் அரசன் பெயரால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையை அச்சங்கம் 2020-இல் அறிவித்தது. சுண்ணாம்புப் பாறைத் தடமும் சரளைக்கல்லும் புல்வெளியும் மாறி மாறி வரும் பாதை அது. தடித்த சக்கரங்கள் பூட்டிய வண்டிகளில் மக்கள் விடுமுறைக்கு அங்கே செல்கின்றனர்.

பினாங்கிலும் ஒரு குதிரைவழி உண்டு. அதன் வரலாறு இவ்வளவு இனிமையானதன்று.

1786 ஆகஸ்ட் 11-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். ஈராண்டுக்குள், 1788-இல், அருவிக்கரையிலிருந்து மலைமேல் ஏறும் குதிரைப் பாதை ஒன்று வெட்டப்பட்டது. காடு அடர்ந்த கருங்கல் மலை அது; சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாங்காத வெள்ளையர்க்கு மேலே குளிர்ந்த காற்றுக் கிடைத்தது. 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்கும்வரை அவர்கள் குதிரை மீதும், கூலியாட்கள் சுமந்த நாற்காலிப் பல்லக்கிலும் ஏறினர். ஏறியவர்களின் பெயர்கள் மாளிகைகளிலும் குன்றுகளிலும் நிலைத்தன. பாதை வெட்டியவர் பெயர் நிலைக்கவில்லை.

தீவின் தொடக்ககாலச் சாலைகளில் பெரும்பங்கு கைதிகளின் உழைப்பாகும். அந்தமானில் கம்பெனி அமைத்திருந்த முதற் குடியிருப்பு 1796-இல் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறியதும், அங்கிருந்த இந்தியக் கைதிகளும் 1825-இல் இங்கே அனுப்பப்பட்டனர். வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்த இவர்கள் சதுப்பை மேடாக்கினர், வடிகால் வெட்டினர், செங்கல் சுட்டனர், சாலை போட்டனர். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிமுறை 1873-இல்தான் முடிவுற்றது. அம்முறையை நடத்திய மக்நாயர் என்னும் அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலுக்கு, கைதிகளே தமக்குக் காவலர் என்னும் பொருளில் பெயரிட்டார். நன்னடத்தை உள்ளவனைக் காவலனாக்கி மற்றவனை மேய்க்கவிடும் ஏற்பாடு அது. செலவு குறைந்தது என்பதே அதன் முதற் சிறப்பு. மக்நாயர் அதனைக் கருணை என்று கருதினார்.

பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர் அனைவரும் குற்றவாளிகள் என எண்ணுவது பிழை. 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். சேர்ந்த இடம் இத்தீவு. அப்போரில் கம்பெனிப் படையில் பணியாற்றிய வெல்ஷ் என்னும் அதிகாரி, தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே எனத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். 1818-இல் பினாங்குக்கு வந்தபோது தம் முன் நின்ற தளர்ந்த மனிதர் அந்தத் துரைசாமிதான் என்பதை அறிந்து மனம் வருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. சிவகங்கையின் வரலாற்றைக் கற்பிக்கும்போது பினாங்கையும் ஒரு பாடமாகச் சேர்த்தல் தகும்.

இனிச் சாலையின் உடலைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ‘கப்பி ரோடு’ என வழங்குவது, உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிய சாலை. சிறு கற்களை ஒரே அளவாக உடைத்துப் பரப்பினால் வண்டிச் சக்கரமே அவற்றை இறுக்கிவிடும் என்று காட்டியவர் மக்காடம் என்னும் ஸ்காத்லாந்தியர். 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றவர். பினாங்கு மலையடிவாரத்தில் அதற்கான கருங்கல்லுக்குக் குறைவில்லை. இன்று மக்கள் உலாவும் தாவரப் பூங்காவே, 1884-இல் ஒரு பழைய கல்வெட்டுக் குழியில் அமைக்கப்பட்டதுதான். எதிர்க்கரையிலும் தீபகற்பத்தின் உட்பகுதிகளிலும் செம்பூராங்கல் சரளை கிடைத்தது. அதனைப் பரப்பிய செம்மண் சாலைகளே தோட்டங்களுக்குள் ஓடின. செங்கல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லால் அக்கல்லுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டியவர் புக்கானன். 1807-இல் வெளிவந்த அவருடைய நூலில், மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் கண்ட கல்லுக்கே அப்பெயரை வழங்கினார். பெயரின் ஊற்று நம் அண்டை நாடு. அச்சரளையை மலாயாவில் பரப்பிய கைகளிலும் பல தமிழ்க் கைகளே.

அக்கைகள் இங்கு வந்தமைக்கும் சைக்கிளுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. எதிர்க்கரையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து. எனினும் பெருவெள்ளமாக வந்தது ரப்பருக்காக. ரப்பரையும் மோட்டார் காரையும் சேர்த்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னர் நிற்பது சைக்கிள். 1885-இல் ஸ்டார்லி செய்த ஒத்த சக்கர வண்டியும், 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரும் ஒன்றுசேர்ந்தபோது, இங்கிலாந்தின் சரளைச் சாலைகள் முதுகு நோகாமல் செல்லத்தக்கவையாயின. ரப்பர் விலை ஏறியது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயாவின் காட்டை விழுங்கத் தொடங்கின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் முதலில் கண்ட மலாயா நிலம் பினாங்கு. ஜெர்ஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவலில் இருந்து, பின் கங்காணியின் பின்னே தோட்டம் சென்றனர். இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு வேண்டிய பால், தஞ்சையும் திருச்சியும் அனுப்பிய மக்களின் கையால் வடிந்தது எனலாம்.

அச்சாலைகளைச் சைக்கிள் மீண்டும் நாடியது 1941-இல். டிசம்பர் 8-இல் கரையேறிய ஜப்பானியப் படையின் காலாட்கள் பலர் சைக்கிளில் வந்தனர். அப்படையின் போர்த் திட்டத்தை வகுத்தோருள் ஒருவரான சூஜி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறத்தாழ 6,000 சைக்கிள் இருந்ததாகப் பின்னர் எழுதினார். மலாயாவில் ஏற்கெனவே ஜப்பானியச் சைக்கிள்கள் மலிவாக விற்பனையாகியிருந்தமையால், உதிரிப்பாகங்களுக்குத் தட்டில்லை என்பதும் அவர் கூற்று. டயர் வெடித்தால் வெறும் வளையத்தின் மீதே ஓட்டினர். இரவில் அந்த ஓசை டாங்கி வருவதுபோல் கேட்டதாம். நெடுஞ்சாலையை அடைத்து நின்ற பிரிட்டிஷ் படையை, தோட்டச் சாலைகளின் வழியே பக்கவாட்டில் சுற்றி வளைத்தனர். பால் ஏற்றிச் செல்ல அமைந்த சாலை படைவழியாயிற்று.

பினாங்கு டிசம்பர் 11-இல் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. சில நாட்களில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர், ஆசியர் கைவிடப்பட்டனர். அப்போது நகரின் பொறுப்பை ஏற்றோருள் முதல்வர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இதழாசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவரே. நகரில் படை இல்லை, குண்டு வீச வேண்டா என வானொலி வாயிலாக அறிவிக்கச் செய்தவரும் அவரே. 19-ஆம் நாள் ஜப்பானியர் படகுகளில் கடலைக் கடந்து நகருள் புகுந்தனர். அதன்பின் எதிர்க்கரைத் தோட்டங்களிலும் உள்நாட்டிலும் இருந்த தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தது தனி வரலாறு.

தாவரப் பூங்காவின் வாயிலருகே தொடங்கி மலையுச்சி நோக்கி ஏறும் பாதை இன்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். விடியற்காலையில் சைக்கிள்காரர் அதில் முயல்வதுண்டு. செங்குத்தான இடங்களில் பலர் இறங்கித் தள்ளுவர். தீவைச் சுற்றிவர விழைவோர் தெலுக் பகாங்கிலிருந்து மலையேறி பாலிக் பூலாவுக்கு இறங்குவர். முழுச் சுற்று 70 கிலோமீட்டர் அளவு. பாலிக் பூலாவில் உண்பதற்கு அசாம் லக்சா உண்டு.