வரைபடத்துக்குக் கூலி கேட்ட இருநூறு ஆண்டுகள்

எழும்பி நிற்கும் ஒரு சுவருக்கு விலை சொல்வது எளிது. செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தச் சுவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் காற்றை விட வேண்டும், எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று யோசித்து வரைந்து கொடுத்தவருக்கு என்ன கொடுப்பது? இந்தக் கேள்விதான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வருகிறது. கட்டணப் பட்டியல் போட்டார்கள், அதைச் சட்டமாக்கினார்கள், அந்தச் சட்டத்தையே நீதிமன்றங்கள் உடைத்தன. இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: வரைபவருக்கு நியாயம் கிடைத்த இடங்களிலெல்லாம் அதைப் பெற்றுத் தந்தது ஒரு குறிப்பிட்ட சதவீதம் அல்ல. வேலையைப் படிப்படியாகப் பெயர் சொல்லிப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இன்ன பங்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த பழக்கம்தான்.

18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வரைபவரும் கட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். வரைபடத்துக்கென்று தனியாக யாரும் பணம் கேட்கவில்லை. அது கட்டுமான லாபத்துக்குள் கரைந்து போனது. 1788இல் ஜான் சோன் தம் கட்டட வரைபடங்களை நூலாக வெளியிட்டபோது, வீட்டுக்காரருக்கும் கைவினைஞருக்கும் நடுவில் நிற்கும் நம்பிக்கைக்குரியவர் கட்டடக் கலைஞர், அவர் ஒப்பந்தக்காரராகவும் இருக்க முடியாது என்று வாதிட்டார். 1834இல் லண்டனில் தொடங்கிய கட்டடக் கலைஞர் சங்கம் இதை விதியாகவே ஆக்கியது. கட்டுமான வணிகத்திலோ ஒப்பந்தத்திலோ பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பொருளிலும் கூலியிலும் கிடைத்து வந்த வருமானத்தைத் துறந்தவர் வேறு எதை நம்பி வாழ்வது? வரைபடத்துக்கென்று ஒரு விலை இருந்தே ஆக வேண்டிய கட்டாயம் அப்படித்தான் பிறந்தது.

இந்தக் கட்டாயத்தின் கசப்பை முதலில் முழுதாக அனுபவித்தவர் பெஞ்சமின் லாட்ரோப். 1796இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர். பிலடெல்ஃபியாவின் பென்சில்வேனியா வங்கியைக் கட்டியவர். 1803 முதல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடப் பணியைக் கவனித்தவர். 1806இல் தம் மாணவர் ராபர்ட் மில்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்தத் தொழில் பொழுதுபோக்காக வரையும் கனவான்களின் கையிலும், அனுபவத்தை மட்டும் வைத்துக் கட்டும் மேஸ்திரிகளின் கையிலும் சிக்கியிருக்கிறது என்று வருந்தினார். எதையும் இலவசமாகச் செய்து கொடுக்காதே என்பது அவர் சொன்ன முக்கியமான அறிவுரை. கனவானுக்குக் கூலி தேவையில்லை, மேஸ்திரிக்கோ கூலி கட்டுமானத்திலேயே வந்துவிடும். இருவருக்கும் இடைப்பட்ட லாட்ரோப் 1817இல் திவாலானார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் திறமையும் புகழும் மட்டும் நியாயமான விலையைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு அவர் வாழ்க்கை வலுவான சாட்சி.

1861இல் கேள்வி நீதிமன்றத்துக்கே வந்தது. பாரிஸின் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் பயின்ற முதல் அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட், நியூயார்க்கில் ஓர் ஓவியருக்காக வீடு வரைந்திருந்தார். செலவை ஏற்றவர் அந்த ஓவியரின் மாமனாரான பல் மருத்துவர் பார்ம்லி. கட்டுமானச் செலவில் 5 சதவீதம் தமக்குச் சேர வேண்டும் என்று ஹன்ட் வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு அவருக்குப் பணம் சேர வேண்டியது நியாயம் என்று ஏற்றது, ஆனால் 2.5 சதவீதம்தான் தந்தது. இதைப் பாதி வெற்றி என்று சொல்வார்கள். இதில் தெரிவது அதைவிட ஆழமான குறை. வரைவது இவ்வளவு, விவரப் படங்கள் இவ்வளவு, கட்டும்போது நின்று பார்ப்பது இவ்வளவு என்று முன்பே எழுதிய ஒப்பந்தம் இருந்திருந்தால், எந்த வேலை நடந்தது, எது நடக்கவில்லை என்பது மட்டுமே வழக்காகியிருக்கும். அது இல்லாததால் வரைபடத்தின் மதிப்பையே வெளியாட்கள் தீர்மானிக்கும்படி ஆயிற்று.

பிரிட்டிஷ் சங்கம் 1862இலும், 1857இல் தோன்றிய அமெரிக்க சங்கம் 1866இலும் கட்டணப் பட்டியல்களை வெளியிட்டன. இரண்டிலும் மையமான எண் 5 சதவீதம். எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டது அந்த எண்ணைத்தான். ஆனால் அதைவிடப் பயனுள்ளது பின்னாலிருந்த பிரிப்பு: வரைபடத்தோடும் விவரக் குறிப்புகளோடும் வேலை நின்றுபோனால் ஏறக்குறைய பாதிக் கட்டணம், இறுதிவரை மேற்பார்வை செய்தால் முழுக் கட்டணம். சதவீத முறை குறையில்லாதது அல்ல. செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்றால் சிக்கனமாக வரைபவர் தண்டிக்கப்படுகிறார். சின்ன வீட்டைச் செதுக்கி வரையப் பெரிய கிடங்குக்கு ஆவதைவிட அதிக உழைப்பு தேவைப்படலாம். இந்தக் குறைகள் எல்லாம் எண்ணைச் சேர்ந்தவை, பிரிப்பைச் சேர்ந்தவை அல்ல.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. இந்தப் பட்டியல்கள் அலுவலக முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானவை. பலகையில் குனிந்து கோடு போட்ட டிராஃப்ட்ஸ்மேனுக்கு அவை எதையும் உறுதி செய்யவில்லை. அவருக்குச் சம்பளம் மட்டும். 1913இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் பொறியியல், கப்பல் கட்டும் துறைகளின் வரைவாளர்கள் தனிச் சங்கம் கண்டதற்கு இந்த ஏற்றத்தாழ்வே பின்னணி. பட்டியல் முதலாளியைக் காத்தது, தொழிற்சங்கம் ஊழியரைக் காத்தது. முதலாளியும் அல்லாத, ஊழியரும் அல்லாத தனி ஆளுக்கு இரண்டிலும் இடமில்லை. இன்று வீட்டிலிருந்தபடி வரைந்து அனுப்பும் ஃப்ரீலான்சர் அந்த இடைவெளியில்தான் நிற்கிறார்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீதிமன்றங்கள் எண்களை ஒவ்வொன்றாகத் தகர்த்தன. கட்டணத்தில் போட்டியிடக் கூடாது என்ற நெறியை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் 1972இல் கைவிட நேர்ந்தது. 1975இல் வழக்கறிஞர்களின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்றது. விலைப் போட்டி வந்தால் ஆபத்தான கட்டடங்கள் வரும் என்ற பொறியாளர் சங்கத்தின் வாதத்தையும் 1978இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரிட்டனில் ஏகபோக ஆணையத்தின் 1977 அறிக்கைக்குப் பின், 1982இல் கட்டாயப் பட்டியல் வெறும் பரிந்துரையாகச் சுருங்கியது. இந்தத் தீர்ப்புகளைத் தொழிலுக்கு எதிரான சதி என்று ஒதுக்குவது தவறு. விற்பவர்கள் கூடி விலையைப் பூட்டிவைத்தால் வாங்குபவருக்கு நியாயம் ஏது? சங்கங்கள் தங்கள் நியாயத்தை எண்ணின் மேல் மட்டும் நிறுத்தியிருந்ததால், எண் விழுந்தபோது கூடவே விழுந்தன.

எண் விழுந்தும் நிலைத்து நின்ற உதாரணம் ஜெர்மனி. 1977 முதல் அங்கே கட்டடக் கலைஞர், பொறியாளர் கட்டணங்கள் அரசாணையாகவே இருந்தன. வேலை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கட்டடப் பணியில் தேவைகளைக் கேட்டறியும் முதல் கட்டத்துக்கு 2 சதவீதம், கட்டுமானத்துக்கான விரிவான வரைபடங்களுக்கு 25 சதவீதம், தளத்தில் நின்று மேற்பார்வை செய்வதற்கு 32 சதவீதம். வரைபவரின் உழைப்பு மொத்தத்தில் எவ்வளவு கனமானது என்பதை வாடிக்கையாளர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம். 2019 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இந்தக் கட்டாய விலைகள் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: தரத்தைக் காக்கக் குறைந்தபட்ச விலை உதவக்கூடும், ஆனால் தகுதியை நிரூபிக்காதவரும் அதே பணியைச் செய்யலாம் என்று விட்டுவைத்த நாட்டில் அந்த வாதம் பொருந்தாது. 2021இல் விலை பேசிக்கொள்ளும் சுதந்திரம் வந்தது. ஒன்பது கட்டங்கள் அப்படியே தொடர்கின்றன. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் அடிப்படைக் கட்டணம் தானாகப் பொருந்தும் என்ற பாதுகாப்பும் உண்டு.

இந்தியாவுக்கும் இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக் கலைக் கழகம் கட்டண அளவுகளை வகுத்தது. பதிவு பெற்றவர்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 1989 விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் சட்டம் காப்பது அந்தப் பட்டத்தை மட்டுமே, வரையும் தொழிலை யாரும் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கிவிட்டது. ஆக, நம் ஊரில் பிளான் போட்டுத் தருபவர்களில் பலருக்கு அந்தப் பட்டியலோடு தொடர்பே இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே மூச்சில் பேசுகிறார்கள். பிளான், எலிவேஷன், கம்பி விவரம், அப்ரூவலுக்கு அலைவது, மூன்று முறை மாற்றித் தருவது எல்லாம் அந்த ஒற்றைத் தொகைக்குள் அடங்கிவிடுகின்றன. பேரம் தொடங்கினால் எதை விட்டுவிட்டு விலையைக் குறைப்பது என்று சொல்ல வழியில்லை. தன் உழைப்பையே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆள் அதிகம், வேலை குறைவு; பத்துப் பேர் மலிவாகத் தரத் தயாராக இருக்கும்போது பட்டியலைப் பிரித்து எழுதி என்ன பயன்? உண்மைதான், பிரிப்பு சந்தையை மாற்றிவிடாது. ஆனால் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை அது வெளிப்படுத்தும். பாதி விலை சொல்பவர் விவரப் படங்களைத் தரவில்லை என்பது அப்போதுதான் வாங்குபவருக்குத் தெரியும். மணிக்கணக்கில் வாங்கினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. கணினியில் வேகமாக வரையத் தெரிந்தவர் அதனாலேயே குறைவாகச் சம்பாதிப்பார். மணிக்கணக்கு உழைப்பை அளக்கும், தீர்மானத்தை அளக்காது. மிச்சமிருக்கும் பலவீனத்துக்குக் கூட்டு முயற்சிதான் மருந்து. அமெரிக்க வரைகலைஞர் சங்கம் 1973 முதல் சந்தை விலைகளையும் ஒப்பந்த மாதிரிகளையும் கையேடாக வெளியிடுகிறது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் தகவலைப் பொதுவாக்குகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த நியூயார்க் நகரச் சட்டம் 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஊழியருக்கு ஒப்பான நிலையில் உள்ள தனி உழைப்பாளிகள் கூட்டாகப் பேரம் பேசினால் போட்டிச் சட்டம் குறுக்கே வராது என்று 2022இல் ஐரோப்பிய ஆணையம் தெளிவுபடுத்தியது.

எனவே நம் ஊர் வரைவாளர்கள் தேட வேண்டியது எல்லோரையும் கட்டிப்போடும் ஒரு மாய எண்ணை அல்ல. ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேர் உட்கார்ந்து, வரையும் வேலையில் என்னென்ன படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மொத்தத்தில் எவ்வளவு, எத்தனை திருத்தம் வரை அதே தொகை, முன்பணம் எப்போது என்று தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிவைத்தால் போதும். விலையை அவரவர் பேசிக்கொள்ளட்டும். எதற்காகப் பேசுகிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த பேரமே நியாயமான பேரம். லாட்ரோப்புக்கும் ஹன்டுக்கும் கிடைக்காமல் போனது அதுதான்.