விருந்தில் பிறந்த பந்தயம்

மே மாதத்து முதல் சனிக்கிழமையன்று அமெரிக்க நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரு விசேஷம் நடைபெறுகிறது. அது சமயப் பண்டிகை அன்று. அரசாங்கம் அறிவித்த விடுமுறையும் அன்று. ஆயினும் வீடெங்கும் சிவப்பு ரோஜா மலர்கள் சிரிக்கும். பெண்மணிகள் பூவும் இறகும் செருகிய அகன்ற தொப்பிகளை அணிந்து வருவார்கள். மேசைமேல் புதினாத் தழை செருகிய குளிர்ந்த குவளைகள் வரிசையாக நிற்கும். வந்த விருந்தாளிகள் ஒரு தொப்பிக்குள் கைவிட்டு மடித்த சீட்டு ஒன்றை எடுப்பார்கள். சீட்டில் ஒரு குதிரையின் பெயர் எழுதியிருக்கும். பிறகு எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடி, சுமார் இரண்டு நிமிட நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யாரோ ஒருவர் துள்ளிக் குதிப்பார். அவர் எடுத்த சீட்டின் குதிரை வென்றுவிட்டது! கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடக்கும் 'கென்டக்கி டெர்பி' என்னும் குதிரைப் பந்தயத்தை ஒட்டி வீடுகளில் நடக்கும் விருந்து இது.

இரண்டு நிமிடப் பந்தயத்திற்கு ஒரு நாள் விருந்தா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் இந்தப் பந்தயத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. பந்தயத்தின் பின்னால் விருந்து வரவில்லை. விருந்திலிருந்தே பந்தயம் பிறந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊருக்கு அருகே பன்னிரண்டாவது டெர்பிப் பிரபுவுக்கு 'ஓக்ஸ்' என்ற பெயருடைய மாளிகை ஒன்று இருந்தது. அங்கே கூடிய நண்பர்கள் மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கென ஒரு பந்தயம் நடத்தத் திட்டமிட்டனர். 1779-ஆம் ஆண்டு அது நடந்தது. மாளிகையின் பெயரே பந்தயத்தின் பெயராயிற்று. பிரபுவின் குதிரையே வென்றது. வெற்றியைக் கொண்டாட மீண்டும் விருந்து. அந்த விருந்தில் அடுத்த ஆண்டுக்கு இன்னொரு பந்தயம் பற்றிய பேச்சு! அதற்கு யார் பெயரை வைப்பது? வீட்டுக்காரராகிய டெர்பிப் பிரபுவின் பெயரையா, விருந்தினராகிய சர் சார்லஸ் பன்பரியின் பெயரையா? நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்வோம். 1780-இல் நடந்த முதல் டெர்பியில் வென்ற குதிரை பன்பரியுடையது என்பது மட்டும் உறுதி. பெயர் ஒருவருக்கு, பரிசு மற்றவருக்கு!

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க இளைஞர் ஒருவர் இந்த எப்சம் பந்தயத்தைக் காண வந்தார். மெரிவெதர் லூயிஸ் கிளார்க் என்பது அவர் பெயர். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடற்கரையை அடைந்த லூயிஸ், கிளார்க் என்னும் இருவரைப் பற்றி மாணவர்கள் படித்திருக்கலாம். அவ்விருவருள் வில்லியம் கிளார்க்கின் பேரர் இவர். 1872-இல் எப்சம் பந்தயத்தையும், பிரான்சு தேசத்துப் பந்தயங்களையும் கண்டு ஊர் திரும்பியவர், தம் தாய்மாமன்மாராகிய சர்ச்சில் சகோதரர்களின் நிலத்தில் ஒரு பந்தயத் திடல் அமைத்தார். 1875-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் முதல் கென்டக்கி டெர்பி நடந்தது. சுமார் பத்தாயிரம் பேர் கூடினர் என்று சொல்வர். பதினைந்து குதிரைகள் ஓடின.

கிளார்க் விருந்தோம்பலில் பெருவிருப்பம் உடையவர். பந்தயத்தை ஒட்டி நகரத்துச் சீமான்களையும் சீமாட்டிகளையும் அழைத்து உபசரிப்பது அவர் வழக்கம். 1883-ஆம் ஆண்டு அவர் கலந்துகொண்ட ஒரு விருந்தில், நியூயார்க்கிலிருந்து வந்த செல்வர் ஒருவர் பெண்மணிகள் அனைவருக்கும் ரோஜா மலர் வழங்கினாராம். அதைக் கண்டே பந்தயத்தின் மலராக ரோஜாவை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கிளார்க்குக்கு உதித்தது என்று கூறப்படுகிறது. 1896-இல் வென்ற குதிரைக்கு ரோஜாக்கள் சூட்டப்பட்டன. 1904-இல் சிவப்பு ரோஜாவே பந்தயத்தின் மலர் என்று ஏற்பட்டது. ஆகவே இன்று வீடுகளில் வைக்கும் ரோஜாவும் விருந்திலிருந்து திடலுக்குப் போய், திடலிலிருந்து விருந்துக்குத் திரும்பி வந்ததுதான்.

புதினாக் குவளையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சர்க்கரை, புதினா, நொறுக்கிய பனிக்கட்டி, கென்டக்கியில் சோளத்திலிருந்து வடிக்கும் மது ஆகியவை சேர்ந்த அந்தப் பானத்திற்கு 'ஜூலெப்' என்று பெயர். மதுவை நான் பரிந்துரைக்க வரவில்லை. சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பாரசீக மொழியில் 'குலாப்' என்றால் பன்னீர். அச்சொல் அரபு மொழியில் 'ஜுலாப்' ஆகி, ஐரோப்பாவுக்குச் சென்று, மருந்தைக் கலந்து கொடுக்கும் இனிப்பு நீருக்குப் பெயராகி, கடைசியில் அமெரிக்காவில் இந்தக் குவளைக்குள் வந்து விழுந்தது. நம் வீட்டுக் குலாப் ஜாமூனில் இருப்பதும் அதே 'குலாப்'. ரோஜா இல்லாத பானத்துக்கு ரோஜாவின் பெயர். அதைக் குடிப்பதோ ரோஜாவின் பந்தயத்தில்!

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. குதிரைகள் திடலுக்கு வரும் வேளையில் ஒரு பாட்டு இசைக்கப்படும். திடலில் இருப்போர் எழுந்து நிற்பர். வீடுகளில் இருப்போரும் சேர்ந்து பாடுவர். பலர் கண்கலங்குவதும் உண்டு. 'என் பழைய கென்டக்கி வீடு' என்று பொருள்படும் அந்தப் பாட்டை ஸ்டீபன் ஃபாஸ்டர் என்பவர் 1853-இல் வெளியிட்டார். 1928-இல் அது மாநிலத்தின் பாடலாகவும் ஆயிற்று. கேட்போருக்கு அது சொந்த ஊர் ஏக்கமாகவே தோன்றும். ஆனால் பாட்டு முழுவதையும் படித்தால், அதில் பேசப்படுவது கென்டக்கியை விட்டுத் தெற்கே கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்படும் அடிமைகளின் பிரிவு என்று தெரியும். விருந்தில் வழக்கமாகப் பாடப்படுவது முதற்பகுதி மட்டுமே. அந்தத் துயரம் வெளிப்படையாக வருவதோ பின்பகுதியில். அப்பாட்டில் கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல் ஒன்றை 1986-இல் கென்டக்கிச் சட்டமன்றம் மாற்றியது. 2020-இல் நடந்த பந்தயத்தில் யாரும் பாடவில்லை; சற்று நேரம் மௌனம் காத்தபின் ஊதுகுழலில் இசை மட்டும் எழுந்தது.

அந்தப் பாட்டில் வரும் மக்களுக்கும் இந்தப் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு? மிக நெருங்கிய தொடர்பு. 1875-இல் ஓடிய பதினைந்து குதிரைகளில் பதின்மூன்றின் மேல் அமர்ந்திருந்த ஜாக்கிகள் கறுப்பினத்தார். வென்ற 'அரிஸ்டைடிஸ்' என்ற குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸ் கறுப்பினத்தவர். அதைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகவே பிறந்தவர். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. தென்மாநிலங்களில் குதிரையைத் தேய்ப்பதும், பழக்குவதும், ஓட்டுவதும் அடிமைகளின் வேலையாக இருந்தது. 1865-இல் விடுதலை வந்தபோது கைகளில் விலங்கு போயிற்று, வித்தை போகவில்லை. அதே வேலையைக் கூலிக்கும் புகழுக்கும் செய்தனர். முதல் இருபத்தெட்டு டெர்பிகளில் பதினைந்தைக் கறுப்பின ஜாக்கிகளே வென்றனர்.

அவர்களுள் ஐசக் மர்ஃபியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1861-இல் கென்டக்கியில் பிறந்த அவர், 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மூன்று டெர்பிகளை வென்றார். அவர் சொன்ன கணக்கின்படி ஓட்டிய பந்தயங்களில் நூற்றுக்கு 44 வெற்றி. பிற்காலத்தார் கிடைத்த பதிவுகளைக் கொண்டு எண்ணியபோது நூற்றுக்கு 34. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அது எட்டற்கரிய உயரம். அவர் 1896-இல் காலமானார்.

அதே 1896-ஆம் ஆண்டில், இனவாரியாக மக்களைப் பிரித்து வைப்பது சட்டத்திற்கு முரணன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயில் வண்டிப் பெட்டியைப் பற்றிய வழக்குதான் அது. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் பள்ளிக்கூடம், உணவு விடுதி என்று எல்லா இடத்திலும் விழுந்தது. பந்தயத் திடல் மட்டும் தப்புமா? ஜாக்கித் தொழிலில் பணம் பெருகப் பெருக, வெள்ளை ஜாக்கிகள் கூடிக்கொண்டு கறுப்பின ஜாக்கியின் குதிரையை வேலியோரம் நெருக்கித் தள்ளுவதும், சாட்டையால் அடிப்பதும் நடந்தன. குதிரைக்குக் காயம் வருமே என்று அஞ்சிய உரிமையாளர்கள் கறுப்பினத்தாருக்குக் குதிரை கொடுப்பதை நிறுத்தினர். 'நீங்கள் ஓட்டக்கூடாது' என்று ஒரு சட்டமும் எழுதப்படவில்லை. எழுதாமலே காரியம் முடிந்தது. சரித்திரம் படிப்போர் எழுதிய சட்டங்களை மட்டும் தேடினால் இது அகப்படாது.

ஜிம்மி விங்க்ஃபீல்டு 1901-இலும் 1902-இலும் டெர்பியை வென்றார். மறுமுறை 1903-இல் இரண்டாவதாக வந்தார். அதன்பின் வாய்ப்புகள் சுருங்கவே, ருஷ்யாவுக்குக் கப்பலேறினார். ஜார் மன்னர் காலத்து ருஷ்யாவில் பெரும் பந்தயங்களை வென்று செல்வத்தோடு வாழ்ந்தார். புரட்சிக்குப் பின் 1919-இல், ஒடெசாவிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போலந்துக்குத் தப்பியவர்களுள் அவரும் ஒருவர். பிறகு பிரான்சு தேசம் சென்று அங்கே குடியேறினார். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் நம்பமாட்டோம். கென்டக்கியிலோ, 1921-க்குப் பின் கறுப்பின ஜாக்கி ஒருவர் மீண்டும் டெர்பியில் ஓட்டியது 2000-ஆம் ஆண்டில்தான்.

இந்த 1921 என்ற ஆண்டைச் சற்றே நினைவில் வையுங்கள். வானொலியில் பேசுபவன் ஆகையால் அடுத்த செய்தியில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1925-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் கென்டக்கி டெர்பி முதன்முதலாக ஒலிபரப்புத் தொடர்பின் வழியே பல ஊர்களுக்கும் அஞ்சல் செய்யப்பட்டது. திடலைக் கண்ணால் காணாதவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குளம்பொலியைக் கேட்டனர். 1952-இல் தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டியது. அண்டை வீட்டாரை அழைத்து, சிற்றுண்டி தயாரித்து, பந்தயம் 'வைப்பதற்கு' இனி லூயிவில்லுக்குப் போகவேண்டியதில்லை. செல்வர் மாளிகையில் பிறந்த பந்தயம் சாதாரண வீடுகளுக்குள் வந்தது இவ்வாறுதான். ஆனால் அது வீட்டுக்குள் வந்தபோது கறுப்பின ஜாக்கிகள் அதில் இல்லை. வானொலி அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்வதற்குத் திடலில் அவர்கள் இருந்தால் அன்றோ! ரோஜா வந்தது, குவளை வந்தது, தொப்பி வந்தது, பாட்டும் வந்தது. முதல் குதிரையை ஓட்டியவர் மட்டும் வரவில்லை. வீட்டு விருந்தில் அவரை நினைப்பார் இல்லாமற் போனதற்கு இந்த நான்கு ஆண்டு இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

விருந்து எவ்வளவு தூரம் பந்தயத்தை மிஞ்சிவிட்டது என்பதற்கு 2020-ஆம் ஆண்டே சான்று. பெருந்தொற்றினால் பந்தயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. ஆனால் மே மாத முதல் சனிக்கிழமையை விட மனமில்லை. வீட்டிலிருந்தே கொண்டாடுங்கள் என்று திடலை நடத்துவோரே அழைத்தனர். முற்காலத்துப் புகழ்பெற்ற குதிரைகள் பதின்மூன்றையும் கணினியில் உருவாக்கி ஓடவிட்டனர். 1973-இல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக ஓடி, இன்றும் முறியடிக்கப்படாத நேரத்தை நிறுவிய 'செக்ரடேரியட்' அதிலும் வென்றது. குதிரையும் இல்லாமல், மண்ணும் இல்லாமல் விருந்து நடந்தேறியது.

இன்னொரு விருந்து 1961-இல் நடந்தது. டெர்பியை ஒட்டிப் பந்தயச் செய்தி எழுதுவோரின் சங்கம் லூயிவில்லில் ஒரு ஹோட்டலில் அளித்த விருந்து அது. அதற்கு ஜிம்மி விங்க்ஃபீல்டை அழைத்திருந்தார்கள். தாம் முதல் டெர்பியை வென்று அறுபது ஆண்டுகள் கழித்து, எண்பது வயதை ஒட்டிய அந்த முதியவர் தம் மகளோடு வந்தார். முன்வாசலில் நின்றவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். கறுப்பினத்தார் இவ்வழியே வரலாகாது என்றார்கள். தாங்கள் அழைக்கப்பட்ட விருந்தினர் என்று எடுத்துச் சொல்லி, காத்து நின்ற பிறகே உள்ளே விட்டனர். உள்ளே போய் அமர்ந்த பின்னும் அவர்களோடு பேச முன்வந்தவர் மிகச் சிலர். அவருள் ஒருவர் ரோஸ்கோ கூஸ். 1913-இல், யாரும் எதிர்பாராத குதிரையில் ஏறி டெர்பியை வென்றவர். அந்த வெள்ளை ஜாக்கி வந்து விங்க்ஃபீல்டோடு உட்கார்ந்தார். பந்தயம் ஓட்டிய இரண்டு கிழவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள்.