சல்லியும் சதமும்

சிங்கள மக்கள் பணத்தைப் பொதுவாகச் 'சல்லி' என்றே வழங்குவர். தமிழில் சல்லி என்பது மிகச் சிறிய காசு. கையில் ஒன்றுமில்லாதவன் 'சல்லிக்காசு இல்லை' என்று சொல்வது நம் வழக்கு. ஒரே சொல் ஒரு மொழியில் செல்வத்தையும் மற்றொரு மொழியில் வறுமையையும் குறிக்கிறது. இத்தீவில் எளிய மக்களின் கையில் புழங்கிய பணம் எல்லாம் சிறுகாசாகவே இருந்தமையால், அதன் பெயரே பணத்தின் பெயராயிற்று எனக் கொள்ளலாம்.

கண்டி மன்னர் காலத்தில் மலைநாட்டில் வளைந்த வெள்ளிக் கம்பியாலான 'ரிதி' புழங்கியது. கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டபோது அவர்களுடைய செப்புக்காசு வந்தது. தமிழர் நாவில் உள்ள 'துட்டு' அவர்கள் விட்டுச் சென்ற சொல்லே. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னும் பன்னிரண்டு பணம் கொண்ட இறைசால் என்னும் பழைய கணக்கு நெடுநாள் நிலவியது. 1825இல் ஓர் இறைசாலுக்கு ஒரு சிலிங் ஆறு பென்சு என மதிப்பிட்டனர். அப்பொழுது ஓர் இடர் எழுந்தது. இங்கிலாந்தின் மிகச் சிறிய காசான பாதிங், ஒரு பென்சில் நாலில் ஒரு பங்கு. ஹேவாஹெட்டச் சந்தையில் வெற்றிலை வாங்குவோனுக்கு அதுவும் பெரிய காசு! ஆகவே இலங்கைக்கென்றே 1828இல் அரைப் பாதிங்கும், 1839இல் காற் பாதிங்கும் இலண்டனில் அடிக்கப்பட்டன. பேரரசின் தலைநகர் தனக்குத் தேவைப்படாத நுண்காசை ஒரு சிறு தீவுக்காக வார்த்தது விந்தைதான்.

இதே காலத்தில் கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைகளில் காடு அழிந்து கோப்பி தழைத்தது. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர் அங்கே குடியேறினர். ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பிச் செடியின் இலைநோய் தலைகாட்டியது. பிற்காலத்தில் மலைநாடு முழுவதும் தேயிலையே நிறைந்தது.

நாணயமும் அப்பொழுதே மாறியது. 1872 தொடக்கம் ரூபாவை நூறாகப் பகுத்த புதுக்கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1870 எனப் பொறித்த செப்புக்காசுகளில் ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலை. மறுபுறம் ஒரு மரமும், அதன் இருமருங்கே சிங்கள, தமிழ் எழுத்துக்களும். சதம், அரைச்சதம், காற்சதம் எனக் காசுகள் பிறந்தன. சதம் என்றால் வடமொழியில் நூறு. நூறில் ஒரு பங்குக்கு நூறு என்றே பெயரிட்டிருக்கிறார்கள்!

இந்த மாற்றத்தில் தொழிலாளியின் கூலி என்னவாயிற்று என்பதே கருதத்தக்கது. இரண்டு சிலிங், அதாவது 24 பென்சு, ஒரு ரூபாவுக்கு ஈடு என்பது அன்றைய கணக்கு. அதன்படி எட்டுப் பென்சு என்பது 33 சதமும் ஒரு சதத்தில் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். ஆணின் நாட்கூலி நெடுங்காலம் 33 சதமளவிலேயே நின்றது. எட்டுப் பென்சைச் சதமாக்கி முழு எண்ணோடு நிறுத்தினால் விடுபடுவது ஒரு துணுக்குத்தான். ஆனால் முந்நூறு நாள் உழைப்பவனுக்கு அத்துணுக்கு ஒரு முழு ரூபா. அஃதாவது மூன்று நாளின் கூலி.

அக்கூலியும் அவன் கைக்கு முழுமையாக வந்ததில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்றவனுக்கே செக்றோலில் பேர் விழும். வேலை குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் அரிசிக் கணக்கும் கங்காணியின் கடனும் கழிக்கப்படும். எஞ்சுவதே அவன் காண்கிற காசு. கடன் தீராதவரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தோட்டம் சில சதம் கொடுத்தது. அதற்குப் 'பென்சுக் காசு' என்று பெயர். பென்சு நாணயம் போய்ச் சதம் வந்த பிறகும் அப்பெயர் போகவில்லை. அவருக்குக் கீழ் இருந்தவரோ சில்லறைக் கங்காணி. மனிதருக்கே சில்லறை என்று பட்டம் சூட்டிய உலகம் அது.

1927இல் இயற்றிய சட்டத்தின்படி 1929 முதல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. தேயிலையின் வருவாய் அவர்கள் விரல் நுனியில்தான் தொடங்குகிறது. அப்படியிருந்தும் அவர்களுக்கு 11 சதம் குறைவு. இவ்வேற்றுமை 1984இல்தான் நீங்கியது. உலகச் சந்தையில் விலை வீழ்ந்ததும், 1930களின் தொடக்கத்தில் இந்தச் சதங்களிலும் கைவைத்தனர்.

பின்பு ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது நாளொன்றுக்குச் சில சதங்கள். 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அது நாடெங்கும் பேசப்பட்டு, அரசாங்க சபையிலும் புயலைக் கிளப்பிற்று. அடுத்த ஆண்டு, 1941இல், சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது.

செப்பு அரைச்சதம் கடைசியாக அடிக்கப்பட்டதும் 1940ஆம் ஆண்டிலேயே. காற்சதம் அதற்கு முன்பே மறைந்தது. 1963 முதல் ஒரு சதக் காசு அலுமினியத்தில் வெளிவந்தது. விலைவாசி உயர உயர அதுவும் கடைகளிலிருந்து ஒதுங்கியது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, அந்தப் பேச்சில் சதம் என்ற சொல்லுக்கு இடமே இருக்கவில்லை.