கம்பிவழி இறங்கிய கொழுந்து

1924இல் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை அங்கேயே முடிந்தது. லுணுகலைக்கு அது வரவில்லை. சரிவுகளைக் கடப்பது தோட்டங்களின் அன்றாடச் சிக்கலாயிற்று. மலையகத் தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து மூட்டைகள் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறக்கப்பட்டன. இறங்கும் சுமையின் பாரத்தாலேயே வெறுஞ் சாக்குகளை மேலேற்றும் கயிற்றுவழிகளும் உலகின் பல மலைநாடுகளில் இருந்தன.

கயிற்றால் இணைந்த இத்தகைய திணிவுகளின் இயக்கத்தை ஆங்கிலேயரான ஜோர்ஜ் அற்வூட் 1784இல் கப்பிப் பொறியொன்றால் விளக்கினார். உராய்வே இல்லையெனக் கொள்வோம். 30 கிலோ இறங்க, 10 கிலோ ஏறுகிறது. 100 மீற்றர் உயரம் இறங்கியதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீற்றர்! மூட்டையும் மிஞ்சாது, கீழே நிற்பவரும் மிஞ்சார். தடுப்பு கப்பியைப் பற்றினால், சுமைப்பக்கக் கயிற்றின் இழுவை மறுபக்க இழுவையை விஞ்சும். அவ்வேறுபாடே வேகத்தை அடக்கும். பாடநூல் முதலில் நீக்கிவிடும் உராய்வுதான் மலையில் உயிர்க்காவல்.

ஆயினும், தோட்ட வரலாறு எழுதுவோர் கம்பியோடு நின்றுவிடலாகாது என்பேன். அக்கொழுந்தை நிறுவை இடம்வரை சுமந்த பெண்களின் தலையில் மாட்டிய கூடைக்கயிற்றிலும் இழுவை இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள மறுமுனையில் எவரும் இல்லை.