முத்துச் சல்லடை

முத்துச் சல்லடை என்பது முத்துக்களைப் பருமன் வாரியாகப் பிரிப்பதற்குப் பயன்படுத்தப்பட்ட, துளையிடப்பட்ட பித்தளைத் தட்டு ஆகும். தூத்துக்குடி, திருச்செந்தூர் கடற்கரைகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாவின் முத்து வணிகத்தில் இது முதன்மையான கருவியாக இருந்தது. வணிகர்கள் இதனைப் பெட்டி என அழைத்தனர்.

அமைப்பு

ஒரு தொகுதியில் பொதுவாகப் பத்துச் சல்லடைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய கோப்பைத் தட்டின் அளவும் வடிவும் கொண்டது. இவற்றில் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 துளைகள் இருந்தன. தட்டின் அளவு மாறாததால், துளைகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றின் விட்டம் குறையும். எனவே துளை எண்ணே முத்தின் அளவுப் பெயராகவும் ஆயிற்று. தற்காலக் கம்பிவலைச் சல்லடைகளின் கண்ணி எண்ணும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டதாகும்.

துளைகள் அனைத்தும் ஒரே சீராக இருப்பது இன்றியமையாதது. ஒரு துளை மட்டும் சற்றே அகன்றிருந்தாலும், அத்தட்டில் தங்கவேண்டிய முத்து அதன்வழியே இறங்கி, அடுத்த சிறிய அளவில் சேர்ந்துவிடும்.

பயன்பாடு

முத்துக்குளிப்பில் எடுக்கப்பட்ட சிப்பிகள் திறக்கப்படாமலேயே, ஆயிரத்துக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டன. வாங்கியவர் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்துக்களை எடுத்தார். பின்னர் அவை 20 துளைச் சல்லடையில் இடப்பட்டுக் குலுக்கப்பட்டன. அதில் தங்கியவை 20-ஆம் பெட்டி முத்துக்கள். வழிந்தவை 30 துளைச் சல்லடைக்கும், அதன்பின் அடுத்தடுத்த சல்லடைகளுக்கும் சென்றன. தாம் வாங்கியது இலாபமா நட்டமா என்பதை வணிகர் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே அறிய முடிந்தது.

மதிப்பீடு

பருமன் பிரித்தபின் நிறம், உருட்சி, ஒளி ஆகியவை கண்ணால் ஆராயப்பட்டன. எடை கழஞ்சு, மஞ்சாடி ஆகிய அளவைகளில் நிறுக்கப்பட்டது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு ஆகும். உயர்தர முத்துக்களின் மதிப்பு செவ்வு என்னும் அலகில் பின்வருமாறு கணிக்கப்பட்டது:

செவ்வு = (மஞ்சாடி எடை × மஞ்சாடி எடை × 3/4) ÷ முத்துக்களின் எண்ணிக்கை

எடுத்துக்காட்டாக, 20 மஞ்சாடி எடையுள்ள 10 முத்துக்கள் 30 செவ்வு பெறும். அதே எடையில் 20 முத்துக்கள் இருப்பின் 15 செவ்வு மட்டுமே பெறும். மொத்த எடை ஒன்றாயினும் முத்து சிறுத்தால் மதிப்பு பாதியாகிறது. தராசுடன் சல்லடையும் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

இன்றைய நிலை

தூத்துக்குடிக் கடலில் மரபுவழி முத்துக்குளிப்பு இறுதியாக 1961-இல் நடைபெற்றது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. வளர்ப்பு முத்துக்கள் மில்லிமீட்டர் விட்டத்தால் அளவிடப்படுகின்றன. எனினும் துளைத்தட்டுச் சல்லடை முறை சிறு வைரங்களைத் தரம் பிரிப்பதில் இன்றும் வழக்கில் உள்ளது.

பழைய சல்லடைகளின் மதிப்பு பித்தளையின் விலையில் இல்லை. முந்தைய கணக்குகளில் காணப்படும் 50-ஆம் பெட்டி, 100-ஆம் பெட்டி போன்ற குறிப்புகள் எவ்வளவு பருமனுள்ள முத்தைச் சுட்டுகின்றன என்பதை, எஞ்சியுள்ள சல்லடையின் துளைகளை அளந்து கணிக்கலாம். இதற்குத் தொகுதி கலையாமல் இருப்பது முக்கியம். ஒரு தட்டு அதில் தங்கும் முத்தின் கீழெல்லையை மட்டுமே காட்டும். அதன் மேலெல்லையை அறிய அதற்கு முந்தைய தட்டும் வேண்டும். தொகுதியைப் பிரித்து விற்கும்போது இந்தத் தகவல் அழிந்துவிடுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

முத்துக்குளித்தல்
கொற்கை
கழஞ்சு
மஞ்சாடி